நூற்றுப் பதினேழு சிவப்பு அம்புகள்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. அது யார் பேச்சையும் கேட்காமல் தனிக்குடித்தனம் போய் ஒரு வருடமாகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போய், நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒருவரோடு ஒருவர் அளவாகச் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை உன் அப்பாதான் முடிக்கிறார், அதுவும் வேறு ஏதோ விஷயத்தில் கொண்டுபோய் முடிக்கிறார். முப்பத்திரண்டு வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவள், எனக்கென்று ஒன்று எழுதி ஒட்டக் கூடாதா. அதோடு இந்தத் தடவை சொல்ல வேண்டியது நீளம்.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. மாதம் பிறந்த அன்று அந்த வீட்டின் பன்னிரண்டு படங்களை அனுப்பி, “அம்மா, இந்த விலைக்கு இந்த வீடு தகுமா, வாங்கலாமா வேண்டாமா, நீ ஒரு வார்த்தை சொல்லு, மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க” என்றாய். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் மூன்று தடவை குளித்த அம்மாவை நீ சந்தேகப்பட்டிருப்பாய், சந்தேகம் சரிதான். நீ அங்கேயே வீடு வாங்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் என்று சொல்லிப் போனாய், எட்டு வருடமாகிவிட்டது, இன்னும் எத்தனை நாள்தான் வாடகை கட்டிக்கொண்டிருப்பாய். என் தயக்கமெல்லாம், நேரில் பார்க்காத வீட்டுக்கு எப்படி மதிப்புச் சொல்வது என்பதில்தான். அந்தத் தயக்கத்தைப் போக்குகிறேன் என்று உன் அப்பா கிளம்பினார் பார், அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

அப்பா வேலை பார்த்த ரெடிமேட் துணித் தொழிற்சாலை உனக்குத் தெரியும், அங்கே அவர் என்ன செய்தார் என்று எவ்வளவு தெரியுமோ தெரியவில்லை. தைத்து வரும் சட்டையை வெள்ளை விளக்கின் கீழே விரித்து, தையல் விட்ட இடம், கறை பட்ட இடம், காலர் கோணிய இடம் என்று குறை தெரிந்த இடத்தில் நகமளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை, திருத்துவதற்கு வேறு ஆள். முப்பத்தோரு வருடம் ஒட்டினார். ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், நாலு ரோல் அம்பை இவரே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கடிகாரம் மறுவாரமே நின்றுவிட்டது, அம்பு இன்னும் பசை குறையாமல் இருக்கிறது. உன் கேள்வியைக் கேட்டதும் அலமாரியைக் குடைந்து அந்த ரோலை எடுத்துவிட்டார். “சட்டையோ வீடோ, சரக்கு சரக்குதான். குறையை எண்ணு, விலையில கழி, மிச்சம்தான் நிஜ மதிப்பு” என்றார். ஆனால் வீடு பார்த்துப் பழக்கமில்லை, முதலில் கை பழக வேண்டும், அடுத்த தெருவில் ஒரு மாடி வீடு விற்பனைக்கு இருக்கிறது, போய்ப் பார்ப்போம் என்றார். வாங்கப் போவதில்லையே, பொய்யாகப் போகலாமா என்று கேட்டேன். “அவங்க கேட்டாத்தானே பொய் சொல்லணும்” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீட்டைக் காட்ட வந்தவரை எல்லாரும் குடை புரோக்கர் என்பார்கள். மழையும் இருக்காது வெயிலும் இருக்காது, கையில் குடை இருக்கும், அதை நீட்டித்தான் இது ஹால், இது கிச்சன் என்று காட்டுவார். வீட்டுக்கார அம்மாள் பாங்கில் வேலை பார்ப்பவர், மரியாதையானவர், உட்காரச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார். அவர் டீயோடு திரும்பி வருவதற்குள் ஹால் சுவர் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. விரிசலுக்கு ஒன்று, சுவிட்சுப் பலகைக்கு ஒன்று, அலமாரியை ஒருக்களித்துத் தள்ளி அதற்குப் பின்னால் இருந்த ஈரத்துக்கு இரண்டு. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த அம்மாளின் மாமனார் படம் மாட்டியிருந்த சட்டம் கோணலாம், அதற்கும் ஒன்று. அம்பு நேராக மாமனாரின் மூக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. “என் வீட்டுச் சுவத்துல என்னங்க பண்றீங்க” என்று அவர் கேட்ட குரலில் டீ தானாகவே ஆறிப் போயிருக்கும். மாடிப்படி ஏறக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட முழங்கால், இறங்கும்போது என்னை முந்திக்கொண்டு போயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்பாவின் கையில் புரோக்கரின் குடை.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், ஊரார் வீட்டில் ஒட்டி அடி வாங்குவதைவிட நம் வீட்டிலேயே ஒட்டிப் பழகுங்களேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள், மகளே. விடிந்ததும் டார்ச் லைட்டோடு தொடங்குவார், சாப்பிடக் கூப்பிட்டால் செக்கிங் நேரத்தில் தொந்தரவு செய்யாதே என்பார். மூடாத கிச்சன் கதவு, குளியலறைக் கூரையில் ஈரம், எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்தால் மாடிக் குழாயில் வருகிற சளி இருமல் சத்தம், எதையும் விடவில்லை. தரை மட்டம் பார்க்கிறேன் என்று ஹால் நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாக உருண்டு, உன் அறை வாசலைத் தாண்டி, உன் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. எந்த மூலையில் வைத்தாலும் அங்கேதான் போகிறது. இந்த வீட்டில் காணாமல் போன பேனா மூடி, மாத்திரை, என் தோடு எல்லாம் ஏன் உன் கட்டிலுக்கு அடியிலேயே கிடைத்தன என்று இப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நீ எடுத்து ஒளித்து வைக்கிறாய் என்று இரண்டு தடவை அடித்திருக்கிறேன். அதற்கு இந்தக் கடிதத்தின் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் கத்தரிக்கோலை எடுத்தது நீதான், அதில் மாற்றமில்லை.

மூன்றாம் நாள் மாலை கணக்கு நூற்றுப் பதினாறில் நின்றது. நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கி, வழியில் இரண்டு பேரிடம் நின்று பேசிவிட்டு வந்தேன். இரண்டு பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். வீட்டில் கண்ணாடியில் பார்த்தால் முதுகில் நூற்றுப் பதினேழாவது அம்பு. கேட்டதற்கு, “ரவிக்கைத் தையல் அரை அங்குலம் இறங்கியிருக்கு, உன்னை ஒண்ணும் சொல்லலையே” என்கிறார். அன்று இரவுச் சாப்பாடு ரொட்டியும் ஜாமும்தான், அதையும் அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை குடை புரோக்கர் குடையைக் கேட்டு வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்று சுவரையெல்லாம் பார்த்துவிட்டு, என்ன சார் இது என்று கேட்டார். வீட்டுக்கு மதிப்புப் போட்டுப் பார்க்கிறேன் என்று அப்பா சொன்னார். மதிப்புப் போடுகிற மனிதன் விற்கத்தான் போடுவான் என்று அவருக்குத் தோன்றியதில் தப்பில்லை, ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். குடையை மறந்துவிட்டு ஓடினார், மதியத்துக்குள் ஒரு பல் டாக்டரையும் அவர் மனைவியையும் அழைத்து வந்துவிட்டார். விற்கிற எண்ணமே கிடையாது என்று அப்பா அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையே. முப்பத்தோரு வருடத்தில் இவர் ஒட்டிய அம்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆள் ஒருவரும் கிடையாது, தையல் பிரிவில் இவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். இந்த டாக்டரோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “இது என்ன, அது என்ன” என்று ஒவ்வொரு அம்புக்கும் நின்று கேட்டார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அதை எண்ணிப் பார்க்கத் தகுதியான ஆள்தான் எதிரில் இருந்தார்.

டாக்டர் விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார், சுவரை வாயைத் திறக்கச் சொல்லாததுதான் பாக்கி. அவர் மனைவி அம்புகளைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் இருவரும் ஹாலில் உட்கார்ந்து, இதுவரை பதினேழு வீடு பார்த்தோம், எல்லா இடத்திலும் குறையை அலமாரி வைத்து மறைத்தார்கள், புதுப் பெயிண்ட் அடித்து மூடினார்கள், குறையை விரல் நீட்டிக் காட்டுகிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறோம், இவ்வளவு சொன்னவர் வேறு எதையும் மறைத்திருக்க மாட்டார் என்று சொல்லி ஒரு விலை சொன்னார்கள். அப்போதுதான் திரும்ப எடுத்துக்கொண்ட குடை புரோக்கர் கையில் தானாக விரிந்துகொண்டது. அது இந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் யாரும் கேட்காத விலை. குறையை எண்ணி விலையில் கழிக்க வேண்டும் என்ற உன் அப்பாவின் கணக்கு அன்றைக்கு அப்படியே தலைகீழாயிற்று.

அப்பா எழுந்து கிச்சனுக்குள் வந்தார். கதவை மூடப் பார்த்தார், அதுதான் மூடாதே. மெதுவாக, “வித்துட்டா என்ன? பாதியை அவளுக்கு அனுப்பினா கடனே வாங்காம அந்த வீட்டை வாங்கிடுவா. நமக்கு ரெண்டு ரூம் வாடகைக்குப் போதாதா” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. வேண்டாம் என்று சொன்னால் உனக்குச் செய்ய மனமில்லாதவள் ஆவேன், சரி என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஹாலுக்குப் போய் அவர்களைத் துரத்த வேண்டும் என்று மட்டும் தோன்றிற்று. அம்பு ஒட்ட முடியாத குறைகளாகப் பார்த்து எடுத்து விட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு மோட்டார் தூக்கத்தில் இருப்பவரைக் கட்டிலோடு குலுக்கும் என்றேன். அலாரம் வைக்க வேண்டாம் என்றார் டாக்டர். அயர்ன் பாக்ஸையும் மிக்ஸியையும் ஒன்றாகப் போட்டால் வீடே இருண்டுவிடும் என்றேன். அவர் மனைவிக்கு அயர்ன் செய்யும் வழக்கமே இல்லையாம். மாடிப்படியில் நாலாவது படி மட்டும் உயரம் அதிகம், புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை விழுந்தே தீருவார்கள் என்றேன். “எங்க மாமியார் வர்றாங்க” என்று டாக்டரின் மனைவி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்புறம் அவள்தான் என்னிடம் கேட்டாள், “இவ்வளவு தொல்லை இருக்கற வீட்டுல முப்பது வருஷம் எப்படிம்மா இருந்தீங்க?” நான் சட்டென்று சொன்னேன், “எங்க என்ன தொல்லைன்னு தெரியும்மா. தெரிஞ்ச தொல்லை தொல்லையே இல்லை. நாலாவது படியில என் கால் தானா உயரும்.” சொல்லும்போதே என் குரல் மாறிவிட்டது, எனக்கே வெட்கமாகப் போயிற்று. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரிடம், “மன்னிக்கணும், இது விக்கற வீடு இல்லை, என் தப்பு” என்று சொல்லிவிட்டு, அவரிடம் புதிய ரோல் ஒன்றைக் கொடுத்து அடுத்த தெரு மாடி வீட்டைப் போய்ப் பார்க்கச் சொன்னார். அங்கேதான் வேடிக்கை. பாங்கு அம்மாள் கோபத்தில் அம்புகளைப் பிய்க்கப் போனவர், அலமாரிக்குப் பின்னால் இருந்த இரண்டைப் பார்த்து ஆள் வைத்துச் சுவரை உடைத்துக் குழாயைச் சரிசெய்துவிட்டாராம். டாக்டர் அந்த வீட்டைத்தான் பேசி முடித்திருக்கிறார். மாமனார் படத்தைக்கூட நேராக்கிவிட்டார்களாம். இப்போது குடை புரோக்கர் வாரத்தில் இரண்டு நாள் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வண்டியில் வீடு வீடாகப் போகிறார். முழங்கால் வலி அந்த இரண்டு நாள் மட்டும் வருவதில்லை.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு படத்தையும் கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தேன். அப்பாவைத் தொடவிடவில்லை, நானே உட்கார்ந்து அம்பு ஒட்டினேன், அறுபத்து நான்கு. முடித்துவிட்டு இந்த வீடு வேண்டாம் என்று உனக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மரமெல்லாம் மொட்டையாக நிற்பது வீட்டின் குறையில்லை என்று ஒன்றைப் பிய்த்தார். வாசலில் கிடப்பது யாரோ ஒருவரின் பூட்ஸ், அதைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று ஒன்று. கிச்சன் அடுப்புக்கு முன்னால் அம்மா இல்லை என்பதை எந்த இனத்தில் சேர்ப்பது என்று ஒன்று. அப்படி நான் சொல்லவே இல்லை, அடுப்பு சின்னது என்றுதான் சொன்னேன். பிய்த்துக்கொண்டே வந்து கடைசியில் மூன்றை மட்டும் விட்டுவைத்தார்.

அந்த மூன்றையும் எழுதுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. ஐந்தாவது படத்தில் நாலு சுவரில் ஒன்று மட்டும் புதுப் பெயிண்ட், எதை மூடினார்கள் என்று கேள், கையை வைத்துப் பார், சில்லென்று இருந்தால் அதற்குள் தண்ணீர் இருக்கிறது. எட்டாவதில் ஜன்னல் கட்டையின் மூலை கறுத்திருக்கிறது, விரலால் அழுத்து, உள்ளே போனால் மரம் போய்விட்டது என்று அர்த்தம். கிச்சனை மூன்று படம் எடுத்தவர் ஒன்றில்கூடக் கூரையைக் காட்டவில்லை, நிமிர்ந்து பார். வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதே, காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வரும் நேரத்தில் ஒரு தடவை, மழை பெய்யும்போது ஒரு தடவை போ. எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திற. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசு, அதே தெருவில் அதே அளவு வீடு கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று விசாரி. விற்கிறவரிடம், ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு, மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார். ஒரு எலுமிச்சம்பழம் கொண்டு போ, அங்கே கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் முட்டையை உருட்ட வேண்டாம், மாப்பிள்ளை போன தடவை இங்கே வந்து கைதவறி உடைத்தது போதும்.

இந்த உறையில் ஒரு ரோல் அம்பு வைத்திருக்கிறேன். வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், ஐந்து கிராம் கூடுதலாக வந்தது, பரவாயில்லை. விரைவுத் தபால், ஆறு நாளில் கைக்கு வரும், மாதக் கடைசிக்கு அதற்குப் பிறகும் மூன்று நாள் இருக்கிறது. விற்கிறவர் பார்க்காத நேரத்தில் ஒட்டு, எண்ணிக்கொள், திரும்பப் பிய்த்துவிடு. அந்த மூன்று குறையும் திருத்தக்கூடியதுதான் என்று தெரிந்தால், திருத்துகிற செலவை விலையில் கேட்டுக் குறைத்துக்கொண்டு வாங்கிவிடு. கையெழுத்துப் போடும் முன் காகிதங்களை வக்கீலிடம் காட்டாமல் ஒரு காசு முன்பணம் கொடுக்காதே, இதை இரண்டு தடவை படி. கீழ்த்தளத்தில் ஒரு அறையை மட்டும் எங்களுக்கென்று வைத்திரு, அப்பாவின் முழங்கால் மாடி ஏறாது. அதன் கதவில் ஒரு அம்பை ஒட்டி வை, நாங்கள் வரும்போது தேட வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் அந்த வீட்டில் நோய்நொடி இல்லாமல், கதவெல்லாம் ஒழுங்காக மூடி, நூறு வருடம் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

இதை மடித்து உறையில் போடப் போனேன், செக்கிங் ஆகாமல் ஒரு சரக்கும் வெளியே போகக் கூடாது என்று அப்பா வாங்கிக்கொண்டு போய் முழுவதும் படித்தார். திரும்பக் கொடுத்தபோது பார்த்தேன், மொத்தக் கடிதத்திலும் ஒரே ஒரு அம்புதான் ஒட்டியிருக்கிறார். நீ அங்கேயே வீடு வாங்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதியிருந்தேனே, அந்த வரியில். பிய்த்துப் பார்த்தேன், காகிதம் கிழிகிறது, அப்படியே அனுப்புகிறேன். வருத்தம்தான். இருந்தாலும் வாங்கு.

இப்படிக்கு,
போன் செய்தால் இனிமேல் குளிக்கப் போகாத
உன் அம்மா